தாசில்தாருக்கு உடம்பு சரியில்லை

2025 ஜூலை 21, திங்கள், காலை 6:40

மீன்: ஒன்று. செவுள் அசைவு நிமிடத்துக்கு நூற்று நான்கு. மூன்று தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை நூற்று ஏழு. தண்ணீரின் வெப்பம் 21.3 டிகிரி. துடுப்புகள் மடித்த குடை மாதிரி உடம்போடு ஒட்டியிருக்கின்றன. வால் நுனியில் பஞ்சு போல வெள்ளை. கண்ணாடிக் குடுவையின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. நேற்று காலையிலிருந்து சாப்பிடவில்லை.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளவுக் கருவிகள், பார்க்கிறேன். மெஷின் மக்கர் பண்ணினால் லாக் புக் போடுவோம். இதுவும் லாக் புக்தான்.

மீன் என் மனைவி சுபாஷிணியுடையது. ஃபைட்டர் வகை; நீல உடம்பு, வால் ஓரம் சிவப்பு. எப்போதும் முறைத்துக்கொண்டே இருப்பதால் தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஹாஸ்டல் அறையில் வைத்து வளர்த்திருக்கிறாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டாம் நாள் ஆடி பிறந்தது. மாமனார் மாமியார் வந்து அவளைப் பென்னாகரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். முதல் வருஷ ஆடியில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாதாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

போகும்போது ஒரு தாள் கொடுத்தாள். காலையில் தீனி நான்கு உருண்டை. பக்கெட்டில் இரண்டு நாள் வைத்த போர் தண்ணீர். வாரம் ஒரு முறை கால் பங்கு மட்டும் மாற்றவும்.

"நூத்தம்பது ரூபா மீனுக்கு இவ்ளோ இன்ஸ்ட்ரக்‌ஷனா?" என்றேன். ஜோக்காகத்தான். அவள் தாளை மேஜையில் வைத்து அதன் மேல் உப்பு டப்பாவை வைத்துவிட்டுப் போனாள்.

அதே நாள், மாலை 6:15

வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரி பெயர் ஸ்டெல்லா, என் வயதுதான் இருக்கும். சுவர் முழுக்கத் தொட்டிகள். செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு விநாடிதான் பார்த்தாள்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"நல்ல தண்ணிதாங்க. சனிக்கிழமை முழுசா கொட்டிட்டு, கல்லெல்லாம் சுடுதண்ணில தேய்ச்சுக் கழுவி, ஆர்ஓ தண்ணி ஊத்துனேன். தண்ணில கரைஞ்ச உப்பு, டிடிஎஸ், ஒன்பதுதான். இந்த ஊர்ல யார் வீட்லயும் அவ்ளோ சுத்தமான தண்ணி கிடைக்காது. மெஷின நானே செட் பண்ணேன்."

"அதுக்கு முன்னாடி?"

"போர் தண்ணி. எழுநூத்தி எண்பது."

அவள் கல்லாவில் முழங்கையை ஊன்றி என்னையே பார்த்தாள். "சார், ரெண்டு வருஷம் சாம்பார்ல இருந்தவன எடுத்து வெறும் பச்சத்தண்ணில போட்டீங்க. அவன் உடம்புல இருந்த உப்பெல்லாம் என்ன ஆவும்? இதுல கல்ல வேற சுடுதண்ணில கழுவியிருக்கீங்க. அதுல இருந்த நல்ல பாக்டீரியாவும் குளோஸ். என்ன படிச்சிருக்கீங்க?"

"இன்ஸ்ட்ருமென்டேஷன்."

"அதான்."

சவ்வூடு பரவல். பதினொன்றாம் வகுப்பில் படித்தது. தினமும் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். மீனின் தோலும் ஒரு சவ்வு என்று தோன்றவில்லை.

மருந்து கேட்டேன். "மொதல்ல தண்ணிய சரி பண்ணுங்க. சின்னத் தொட்டி, ஆழம் ஒரு ஜாண், சூடு இருபத்தேழு, அமைதியா இருட்டா. காய்ஞ்ச வாதாம் இலை ரெண்டு, கல்லுப்பு கொஞ்சம். மருந்து அப்புறம்" என்றாள்.

சனிக்கிழமை குடுவையைக் கழுவி முடித்ததும் பளிங்கு மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து சுபாவுக்கு அனுப்ப நினைத்தேன். திரும்பி வந்து அவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அதை எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

லீவு போட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார்.

"வீட்ல உடம்பு சரியில்ல சார்."

"யாருக்குப்பா?"

தூக்கக் கலக்கத்தில் "தாசில்தாருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"உங்க வீட்ல தாசில்தார் இருக்காரா? சொல்லவே இல்லியே! எனக்கு ஒரு பட்டா மாறுதல் ஒரு வருஷமா நிக்குது..."

லீவு உடனே கிடைத்தது.

அரிசி கொட்டி வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, பன்னிரண்டு லிட்டர். அரிசியைக் குக்கரிலும் இரண்டு பாத்திரங்களிலும் கொட்டினேன். மூன்று பக்கமும் கறுப்புத் துணி. குமிழி மெல்ல வரும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஐம்பது வாட் ஹீட்டர். வாதாம் இலைக்கு எதிர்த்தெரு பள்ளிக்கூடத்து மரத்தடி. வாட்ச்மேன், "இலையா? எத்தினி மூட்டை வேணும்?" என்று கேட்டார். இரண்டு போதும் என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

குடுவைத் தண்ணீரோடு மீனை அப்படியே டப்பாவுக்கு மாற்றினேன். பிறகு மணிக்கு ஒரு டம்ளர் போர் தண்ணீர். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஏழு வரை பன்னிரண்டு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் மீட்டர் ரீடிங் எடுத்தேன். ஒன்பதிலிருந்து முந்நூற்றுப் பத்து. மீதி நாளைக்கும் மறுநாளுக்கும். நடுவில் சமைக்கவில்லை. அரிசி குக்கரில் இருந்தது.

ஏழு மணிக்கு சுபா வீடியோ காலில் வந்தாள். தினமும் ஏழு மணி. அந்தப் பக்கம் அவள் அம்மா கொலுசு டிசைன் பற்றி யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார்.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன?"

"சோறு."

"தாசில்தாரக் காட்டுங்க."

"ஹால்ல லைட் ஃபியூஸ் போயிடுச்சு."

"நீங்க வெளிச்சத்துலதான உக்காந்திருக்கீங்க?"

"இது கிச்சன்."

"சரிங்க" என்றாள். அவள் "சரிங்க" என்று சொன்னால் சரி இல்லை என்று அர்த்தம் என்பதை நாற்பத்திரண்டு நாளில் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

ஹீட்டரோடு வரும் தெர்மோஸ்டாட் நம்ப முடியாத ரகம். கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த வெப்பக் கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினேன். தானே அளவைப் பழகிக்கொள்ளட்டும் என்று ஆட்டோ ட்யூன் போட்டதும் வெப்பம் 27-இல் நிற்காமல் 29-க்குப் போய் 30-ஐத் தொட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். மேலே தண்ணீர் ஊற்றலாமா, ஊற்றினால் மறுபடியும் அதிர்ச்சியா என்று தெரியாமல் அட்டையை வைத்துப் பத்து நிமிடம் விசிறினேன். தாசில்தார் கீழே கிடந்தபடி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. மதிப்பான பார்வை இல்லை.

இப்போது 27.0. ஊசிமுனை அளவு மாறாது.

சுபாவிடம் "எலக்ட்ரீஷியன் வரல" என்றேன். "நீங்களே ஃபியூஸ் மாத்த மாட்டீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி.

ஜூலை 24, வியாழன்

சாப்பிடவில்லை. அதுவும்.

ஜூலை 25, வெள்ளி

செவுள் தொண்ணூற்றாறு. முன்னேற்றமா என்று தெரியவில்லை. வாலில் ஒரு துண்டு உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, எடுத்து எறிந்துவிட்டேன்.

மாலை கல்லுப்பு அளவு கேட்க ஸ்டெல்லா கடைக்குப் போனேன். பாட்டில் வரிசையில் ஒரு ஃபைட்டர். நீல உடம்பு, வால் ஓரம் சிவப்பு. அதே சைஸ். கடையில் நின்று பார்த்ததில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

முக்கியமான எந்தப் பம்புக்கும் பக்கத்தில் ஒரு ஸ்பேர் பம்ப் வைப்போம். அது ஏமாற்று வேலை இல்லை. நடைமுறை.

ஸ்டெல்லா பையில் போட்டுக் கட்டும்போது கேட்டாள். "இன்னொண்ணு எதுக்கு சார்?"

"ஸ்டாண்ட்பை."

"ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கக் கூடாது. பாத்தா சண்டைதான்." பிறகு மெதுவாக, "வீட்டம்மா மீனுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள். நான் காசை எடுத்து நீட்டினேன். நான் அவசரப்பட்ட வேகத்துக்கு அவள் பைக்கு முடிச்சுப் போடவில்லை.

ஏழு மணிக்குப் பழைய கண்ணாடிக் குடுவையில் ஸ்பேரை விட்டு, லைட் போட்டுக் காட்டினேன்.

"பாரு, எப்படி இருக்கான்! ஜம்முனு!"

அது துடுப்பை விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. நல்ல ஒத்துழைப்பு. சுபா ஸ்கிரீனுக்குக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நெட்வொர்க் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"சரிங்க. வெச்சிடறேன்."

"சாப்டீங்களான்னு கேக்கலியே?"

கட்டாகிவிட்டது. சந்தேகப்படவில்லை. நிலைமை கட்டுக்குள்.

ஜூலை 26, சனி

ஏழு மணிக்கு அவள் அழைக்கவில்லை. நல்லது. தண்ணீர் மாற்ற நேரம் கிடைத்தது.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் அழைக்கவில்லை. 7:00, 7:10, 7:25, 7:40. போன் சார்ஜ் 91 சதவீதம், நெட்வொர்க் நான்கு கோடு. போனில் கோளாறு இல்லை.

இந்த வீட்டில் அவள் என்னிடம் பேசியதைவிடத் தாசில்தாரிடம் பேசியது அதிகம். காலையில் காபி டம்ளரோடு குடுவை முன்னால் நின்று, "சார், இன்னைக்கு மனு ஏதாவது வாங்குவீங்களா, மாட்டீங்களா?" என்பாள். உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள், "உள்ள ஒருத்தரு இருக்காரு, ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு, ஆனா கெட்டவர் இல்ல" என்றாள். எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

இன்று தண்ணீர் மாற்றும்போது நானும் "சார்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

டிடிஎஸ் 702. வெப்பம் 27.0. வாதாம் இலைச் சாறு இறங்கி தண்ணீர் டிகாக்‌ஷன் நிறம். உள்ளே மீன் நிழல் மாதிரி தெரிகிறது.

ஜூலை 28, திங்கள்

மதியம் கம்பெனியில் இருக்கும்போது மாமியார் போன் பண்ணினார்.

"மாப்ள, ஏதாவது சண்டையா?"

"இல்லியே அத்தை."

"வெள்ளிக்கிழம ராத்திரியிலருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. சரியா சாப்புடல. கேட்டா 'மீன் செத்துப்போச்சும்மா'ன்னு ஒரே வார்த்த. மீனுக்கா இவ்ளோன்னு நான் திட்டிட்டேன். அதுக்கு, 'மீனுக்கு இல்லம்மா'ன்றா. அப்புறம் எதுக்குடீன்னா வாயத் தொறக்கல. நீங்கதான் காட்டுனீங்களாமே, நல்லாருக்குன்னு? எனக்கு ஒண்ணும் புரியல மாப்ள."

எனக்குப் புரிந்தது. மீனை மாற்றியதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். கன்ட்ரோல் ரூமில் பதினாறு ஸ்கிரீன் இருக்கிறது. எதையும் நான் பார்க்கவில்லை.

பொய்யைவிட உண்மை நல்ல செய்தி. தாசில்தார் சாகவில்லை. ஆனால் அதைச் சொல்ல, மற்ற இரண்டையும் சொல்ல வேண்டும். நான்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன் என்பது ஒன்று. வேறு மீனைக் காட்டிச் சிரித்தேன் என்பது இன்னொன்று. இன்று சொல்லி, நாளை மீன் செத்துப்போனால்? இரண்டு நாள் பொறுத்தால் நிலை தெரிந்துவிடும்.

இரண்டு நாளும் அவள் சாப்பிடமாட்டாள்.

இன்று போன் பண்ணவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஏழு மணிக்கு நான் அழைத்தேன். ஆறாவது ரிங்கில் எடுத்தாள்.

"தாசில்தார் சாகல" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது.

"உடம்பு சரியில்ல. ஒரு வாரமா. நான்தான் காரணம். தண்ணிய முழுசா மாத்திட்டேன். வெள்ளிக்கிழம காட்டுனது வேற மீனு. இவன் டப்பால இருக்கான். உயிரோட இருக்கான்."

"வீடியோ ஆன் பண்ணுங்க."

கறுப்புத் துணியை விலக்கி டார்ச் அடித்தேன். தண்ணீரும் இலையும்தான் தெரிந்தன. கீழே மடங்கிய ஒரு நீலம்.

"இடது பக்கம் காட்டுங்க. செவுள் மூடிய."

டப்பாவைத் திருப்பாமல் நான் சுற்றி வந்து தரையில் படுத்து, போனை ஒட்டிப் பிடித்தேன். மூன்று நிமிடம் ஆனது. மீன் லேசாகத் திரும்பியது.

"பாதிதான் மூடுது" என்றாள். "அவன்தான். ரெண்டு வருஷமா அது முழுசா மூடாது. அன்னைக்கு நீங்க காட்டுனவனுக்கு அழகா மூடுச்சு."

நாற்பத்திரண்டு நாளும் அந்த மீனை நானும் பார்த்திருக்கிறேன்.

அழுகிறாளா என்று தெரியவில்லை. போனைத் திருப்பி வைத்திருந்தாள். பென்னாகரம் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"ஏங்க தண்ணிய மாத்துனீங்க? எழுதிக் குடுத்துட்டுத்தான வந்தேன்?"

"சுத்தமா இருக்கட்டும்னு."

"யாருக்கு?"

கட்டாகிவிட்டது.

ஒன்பது மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. "காலைல முதல் பஸ். அம்மாவும் வராங்க."

ஜூலை 30, புதன்

பத்தரைக்கு வந்தார்கள். மாமியார் வாசலிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"ஆடியில பொண்ணையும் மாப்ளயையும்தான் பிரிச்சு வெக்கணும். மீனைப் பிரிக்கணும்னு எந்தப் பெரியவங்களும் சொல்லல. ஆனா மூணு மணி பஸ்ஸுக்கு அவ என்னோட கெளம்பிடணும். நான் இங்கயே உக்காந்திருப்பேன்." ஹால் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எங்கள் இருவரையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார்.

சுபா செருப்பைக் கழற்றியதும் நேராக டப்பாவுக்குத்தான் போனாள். என்னைப் பார்க்கவில்லை. தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி வைத்தாள். நேற்று நானும் அப்படித்தான் படுத்திருந்தேன்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னாடி, காபில போட்டு வெச்சிருக்காரு?"

"வாதாம் இலைம்மா. நல்லதுதான்." பிறகு என்னிடம், சுவரைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பொட்டி என்னங்க, பஸ் ஸ்டாண்டு டைம் மாதிரி நம்பர் ஓடுது?"

"டெம்பரேச்சர் கன்ட்ரோலர்."

"ஒரு மீனுக்கா?"

"ஊசிமுனை அளவு மாறாது" என்றேன். அவள் ஒரு விநாடி உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்கினாள் என்றே பதிவு செய்கிறேன்.

லாக் புக்கைக் கொடுத்தேன். ரீடிங்குக்காகத்தான் கொடுத்தேன். அதில் மற்றதும் இருக்கிறது என்பது கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். நான் அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய டம்ளர்களைக் கழுவினேன்.

அங்கேதான் குடுவையில் ஸ்பேர் இருந்தது. பின்னாலேயே வந்தாள்.

"இவன்தானா அன்னைக்கு நடிச்சது?"

"ம்."

"நல்லா நடிச்சான். நீங்கதான் ஓவரா நடிச்சீங்க. 'ஜம்முனு'ன்னு இதுக்கு முன்னாடி எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?" குரல் உடைந்தது. "செத்துட்டான்னே நெனச்சேன். சரி, மீனு, சாகும், அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஆனா அந்த எடத்துல இன்னொண்ண வெச்சு, 'பாரு எப்படி இருக்கான்'னு சிரிச்சீங்க பாருங்க... நாளைக்கு வேற எத மாத்தி வெச்சாலும் எனக்குத் தெரியாதுன்னுதான நெனச்சீங்க?"

"இல்ல."

"அப்புறம்?"

ஸ்டாண்ட்பை, நடைமுறை, நிலைமை கட்டுக்குள் எல்லாம் நாக்கு வரை வந்தது.

"பயந்துட்டேன்" என்றேன். "செத்துட்டா நீ ஆவணியில வர மாட்டியோன்னு."

ஹாலிலிருந்து மாமியார், "அங்க என்னா ரெண்டு பேரும்? கண்ணுக்குத் தெரியிற மாதிரி நில்லுங்க!" என்றார்.

ஒரு அடி தள்ளி நின்றோம். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஏனென்றால், "அரிசிய ஏன் குக்கர்ல கொட்டி வெச்சிருக்கீங்க? எட்டு நாளா என்னதான் சாப்டீங்க?" என்று கேட்டாள்.

அவள் சமைத்தாள். மூவரும் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதை மாமியாரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு அவள் ஒரு தீனி உருண்டையை நகத்தால் பாதியாக்கி, டப்பாவில் போட்டு, "சார், மனு" என்றாள். தாசில்தார் மெதுவாக மேலே வந்தது. வாய்க்குள் எடுத்தது. துப்பியது.

"துப்பிட்டான்" என்றேன்.

"துப்புறான்னா தெம்பு இருக்குங்க" என்றாள். "முடியாதவன் மேலயே வரமாட்டான்."

பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். பொய் சொல்லாமல் சொன்னாள்.

மாமியார் கிளம்பும்போது அடுப்படிக் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டார். "இந்தத் துணைத் தாசில்தார் எங்கூட வரட்டும். ரெண்டு அதிகாரி ஒரே ஆபீஸ்ல ஆவாது." பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். சுபா ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினாள். அதே பழைய தாள். கீழே ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தாள்: "சந்தேகம் வந்தால் போன் பண்ணவும். வராவிட்டாலும்."

இப்போது மாலை 6:50. செவுள் எண்பத்தெட்டு. இனி செய்ய வேண்டியவை:

1. தினமும் இரண்டு லிட்டர் மாற்ற வேண்டும். பக்கெட்டில் இரண்டு நாள் வைத்த போர் தண்ணீர். அவள் எழுதியபடி, திருத்தம் இல்லாமல்.

2. காலையில் பாதி உருண்டை. துப்பினால் எடுத்துவிட வேண்டும், திட்டக் கூடாது.

3. ஸ்டெல்லாவிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிரிப்பாள். சிரிக்கட்டும்.

4. ஏழு மணிக்கு நானே அழைக்க வேண்டும். மீன் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே காட்ட வேண்டும். படுத்திருந்தால் படுத்திருப்பதை.

5. செத்துப்போனால், அன்றைக்கே, முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருக்க வேண்டும்.